கருத்துருவும் ஆக்கவுரிமைத் தகுதியும் (இலங்கை)

பேட்டன்ட் எனப்படும் ஆக்கவுரிமை வெறும் கருத்துக்குக் கிடைப்பதில்லை. இலங்கையில் இதை ஆளுவது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். தொழில்நுட்பத் துறையில் குறித்த ஒரு பிரச்சினைக்கு நடைமுறையில் தீர்வு தரும் எண்ணமே புத்தாக்கம் என்கிறது அதன் 62 ஆம் பிரிவு. எண்ணம் என்பதற்காகவே எதுவும் தள்ளப்படுவதில்லை. தீர்வு தராத எண்ணமே தள்ளப்படுகிறது. கண்டறிதல்கள், விஞ்ஞானக் கோட்பாடுகள், கணித முறைகள், வியாபாரத் திட்டங்கள், மனத்தளவில் மட்டும் நிகழும் செயல்கள், விளையாட்டு விதிகள் ஆகியவற்றை அதே பிரிவு விலக்குகிறது. விலக்கில் சிக்காதவையும் புதுமை, புத்தாக்கப் படிநிலை, தொழில்துறைப் பயன்பாடு என்ற மூன்றையும் காட்ட வேண்டும். உரிமை 20 ஆண்டுகளுக்கு.

கண்டியை அடுத்த ஹந்தானையில் கண்டறிதலுக்கும் புத்தாக்கத்துக்கும் இடையிலான கோட்டின் இரு பக்கங்களையும் நினைத்துப் பார்க்கலாம். ஹந்தானை வீதியில் கண்டறிதல்களைத் தேடும் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம். மேலே, 1925 இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையில் இலங்கைத் தேயிலை நூதனசாலை. கொழுந்தைச் சுருட்டும்போது அதன் கலங்கள் உடைந்து, சாறு காற்றோடு கலந்து நிறமும் மணமும் மாறுகின்றன. இதை முதலில் அறிந்துகொண்டவர் எவரானாலும் செய்தது கண்டறிதல்தான். அதற்கு உரிமை இல்லை. 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், முதலில் பங்களா விறாந்தையில் மேசை போட்டுக் கொழுந்தைக் கையால் சுருட்டினார்; பிறகு அந்த வேலைக்கு இயந்திரம் அமைத்தார். அத்தகைய இயந்திரத்தைத்தான் சட்டம் புத்தாக்கமாகக் கொள்ளும்.

அமெரிக்காவில் நிலை வேறு. அங்கே கருத்துருக்களை, அதாவது வெறும் கருத்துகளை, விலக்கியது சட்டவாசகம் அல்ல, நீதிமன்றம். 2014 இன் அலிஸ் வழக்கில், இடைத்தரகர் வழியே கொடுக்கல் வாங்கலைத் தீர்க்கும் பழைய முறையைச் சாதாரண கணினியில் ஓட்டுவதால் மட்டும் அது உரிமைக்குத் தகுதி பெறாது என உச்ச நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்த்தது. கருத்துருவுக்கு மேலாக என்ன சேர்ந்திருக்கிறது என்பதே அங்கே கேள்வி. விதிவிலக்கைச் சட்டத்திலேயே எழுதிவைத்த இலங்கையின் வழி இதைவிடத் தெளிவானது என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் மென்பொருளில் அந்தத் தெளிவு குறைகிறது. இந்திய ஆக்கவுரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு கணினி நிரலை ‘அதனளவில்’ வெளிப்படையாக விலக்குகிறது. இலங்கையின் விலக்குப் பட்டியலில் நிரல் என்ற சொல்லே இல்லை. கொழுந்து எவ்வளவு நேரம் வாட வேண்டும் எனக் கணக்கிடும் சூத்திரம் கணித முறையாகத் தள்ளுபடியாகும். வாட்டும் தொட்டியின் ஈரத்தை அளந்து, அதே சூத்திரத்தைக் கொண்டு விசிறி வேகத்தை மாற்றும் கருவிக்கு வழியுண்டு. நிரலின் எழுத்துவடிவத்துக்குப் பதிப்புரிமை உண்டு. ஆனால் அதே கணக்கை வேறொருவர் தாமாகவே வேறு நிரலாக எழுதினால் பதிப்புரிமை அவரைத் தடுக்காது.