சாமியாரைக் காப்பாற்றிய வண்டு

குளவி என்றதும் உங்களுக்குக் கொட்டுதான் ஞாபகம் வரும். அப்புறம், புழுவைத் தூக்கிக்கொண்டு போய்க் குஞ்சுக்குக் கொடுக்கும் வேட்டைக்காரி. ஐரோப்பாவில் ஒரு 'சைவக் குளவி' உண்டு, தெரியுமோ? ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. குஞ்சுக்கு மகரந்தமும் தேனும்தான்!

1789. பாரிஸில் பாஸ்டில் சிறையை மக்கள் தகர்த்த வருஷம். அதே வருஷம் லியோன் நகரில் வில்லெர் என்பவர், பூச்சிகளைப் பற்றிய தன் லத்தீன் புத்தகத்தில் இந்தக் குளவிக்கு 'அப்ரீவியாட்டா' என்று பெயர் வைத்தார். 'சுருங்கியது' என்று அர்த்தம். (ஆபத்து வந்தால் உருண்டையாகச் சுருண்டு கொள்வது இதன் குடும்ப வழக்கம்!)

புரட்சி, பாதிரியார்களையும் விடவில்லை. 1793-ல் போர்தோ சிறையில் கிடந்தார் லாத்ரேய் என்கிற பாதிரியார். சோதிக்க வந்த டாக்டர் பார்த்தால், மனுஷன் சாவைப் பற்றிக் கவலைப்படாமல் தரையில் ஒரு வண்டை ஆராய்ந்து கொண்டிருக்கிறார்! "அபூர்வமானது" என்றார். டாக்டர் அதை எடுத்துப்போய் பூச்சிப் பிரியனான ஒரு 15 வயசுப் பையனிடம் காட்ட, அவனுக்கு லாத்ரேய் பெயர் ஏற்கெனவே பரிச்சயம். விடுதலைக்கு ஏற்பாடு செய்துவிட்டான். கூட இருந்த கைதிகள் பலர் பிழைக்கவில்லை. பாரிஸில் லாத்ரேயின் கல்லறையில் அந்த வண்டின் பெயர் பொறித்திருக்கிறது.

தப்பித்த அதே லாத்ரேய்தான் 1802-ல் நம் குளவிக்காக 'செலோனைட்ஸ்' என்ற பேரினத்தை உருவாக்கினார். வண்டு மட்டும் வராமல் இருந்திருந்தால்?

இந்தக் குளவிக்குப் பிடித்தது துளசிக் குடும்பப் பூக்கள். அவற்றில் மகரந்தப் பை மேல் உதட்டுக்கடியில், பூச்சியின் முதுகில் தூள் அப்புகிற மாதிரி இருக்கும். பெண் குளவி என்ன செய்கிறது? நெற்றியில் இருக்கிற குமிழ் முனை மயிர்களால் அதைத் தேய்க்கிறது. ஒட்டிய தூளை முன்னங்கால்களால் வழித்துத் தின்று, இரைப்பையில் சுமந்துபோய், மண் குடுவைகளில் குஞ்சுக்குச் சேமிக்கிறது. நெற்றியால் அறுவடை!

சிக்கல் வகைப்பாட்டில்தான். மஞ்சள் பட்டையெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். அதை மட்டும் நம்பிப் பிரித்தால் மாட்டிக்கொள்வோம். 1935-ல் கோஸ்டிலெவ் என்ற ரஷ்ய ஆய்வாளர், கிரிமியாவில் இருந்த குளவிகளுக்கு, அப்ரீவியாட்டஸின் வட்டார வகையாக, 'டாரிகஸ்' என்று பெயர் வைத்தார். கிரிமியாவின் பழைய பெயரான டாரிகாவிலிருந்து வந்தது.  2016-ல் ஃபோல்கர் மௌஸும் இரு சகாக்களும் அதன் உடலமைப்பையும் வாழ்க்கையையும் துருவிப் பார்த்து, "இது தம்பி இல்லை, தனிக் குடும்பஸ்தன்!" என்று சொல்லாத குறையாகத் தனி இனம் ஆக்கிவிட்டார்கள்.