வழங்கியின் மொழியும் தமிழ் எழுத்தும்

‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் உள்ளன என்று தொடக்கப்பள்ளி மாணவரைக் கேட்டால் 3 என்பார். அதே கேள்வியை ஜாவா மொழியில் எழுதப்பட்ட நிரலிடம் கேட்டால் 5 என்று விடை வரும். பிஎச்பி மொழியின் வழக்கமான கட்டளையோ 15 என்று கூறும். கணக்கில் யாரும் பிழை செய்யவில்லை. எதை எழுத்து என்று கொள்வது என்பதில்தான் வேறுபாடு. மாணவர் எழுத்தை எண்ணினார். ஜாவா ஒருங்குறிக் குறிகளை எண்ணியது. பிஎச்பி அக்குறிகள் கணினியில் பிடிக்கும் பைட்டுகளை எண்ணியது. இணையத்தளங்களை அமைத்தவர்கள் இம்மொழிகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தபோது இவ்வேறுபாடு அவர்கள் எண்ணத்தில் இருந்ததா? இவ்வுரை அத்தேர்வின் வரலாற்றைக் கூற முற்படுகிறது.

தொடக்கக்கால இணையப் பக்கம் ஒரு சுவரொட்டியைப் போன்றது. யார் வந்து பார்த்தாலும் ஒரே பக்கம்தான். தேடியதற்கேற்ற விடையையோ, அன்றைய செய்தியையோ தரவேண்டுமானால் வழங்கியில் ஒரு நிரல் இயங்கி, கேட்டவருக்கென்று பக்கத்தைப் புதிதாக ஆக்கித்தர வேண்டும். அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மீக்கணினி மையம் 1993இல் இதற்கு வழிவகுத்தது. சிஜிஐ எனப்படும் அம்முறை எந்த மொழியில் எழுதிய நிரலையும் ஏற்றுக்கொண்டது. மொழித் தேர்வு என்னும் சிக்கலும் அங்கேயே தொடங்கியது.

முதலில் முந்திக்கொண்டது பேர்ல். லாரி வால் 1987இல் வெளியிட்ட அம்மொழி இணையத்துக்காகப் பிறந்ததன்று. கோப்புகளிலிருந்து செய்திகளைப் பிரித்தெடுத்து அறிக்கை ஆக்குவதற்காகப் பிறந்தது. ஆயினும் யுனிக்ஸ் கணினிகளில் அது முன்பே இருந்தது. உரையைக் கையாள்வதில் தேர்ந்ததாகவும் இருந்தது. கைக்கெட்டிய கருவி என்பதே அதன் முதல் தகுதி. பின்வந்த மொழிகளின் வெற்றிக்கும் பெரும்பாலும் இதுவே காரணமாயிற்று.

பிஎச்பியின் பிறப்பு இன்னும் எளிமையானது. கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப், தம் தன்விவரப் பக்கத்தை எத்தனைபேர் பார்க்கின்றனர் என்று அறிய 1994இல் சில சிறு நிரல்களை எழுதினார். மறு ஆண்டில் அவற்றைப் பொதுவில் வெளியிட்டார். இஸ்ரேலில் பயின்ற ஆண்டி கட்மன்ஸ், ஸீவ் சுராஸ்கி என்னும் இரு மாணவர்கள் அதைத் திருத்தி எழுத, 1998இல் மூன்றாம் பதிப்பு வந்தது. அப்போது களத்தில் போட்டிக்குக் குறைவில்லை. 1995இல் கோல்ட்ஃபியூஷன், 1996இல் மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி, 1997இல் ஜாவா சர்வ்லெட் என ஆண்டுக்கொன்று வந்தவண்ணம் இருந்தது. கோல்ட்ஃபியூஷன் விலைகொடுத்து வாங்கவேண்டியது. ஏஎஸ்பிக்கு விண்டோஸ் வழங்கி தேவை. ஜாவாவுக்கு நினைவகம் மிகுதியாக வேண்டும். பிஎச்பிக்குக் கட்டணம் இல்லை. ஒரே வழங்கியைப் பல நூறு தளங்கள் பகிர்ந்துகொள்ளும் மலிவான சேவைகளில் அது முன்னரே நிறுவப்பட்டிருந்தது. லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்கியூஎல் என்னும் கட்டணமில்லா மென்பொருள்களோடு அது ஒரு கூட்டுக்குடும்பம்போல் சேர்ந்தே வந்தது.

செல்வமில்லாதவர்கள் மட்டும் அதை நாடினர் என்று எண்ணிவிடக் கூடாது. யாஹூ நிறுவனம் 2002இல் பல மொழிகளை ஒப்பிட்டுப் பார்த்து, தன் தளங்களுக்குப் பிஎச்பியையே தேர்ந்தது. ஃபேஸ்புக் 2004இல் அதில்தான் தொடங்கிற்று.

எனினும், இத்தேர்வின் விளைவைத் தமிழர் நன்கு உணரக்கூடிய இடம் விக்கிப்பீடியா. 2001 ஜனவரியில் அது கிளிஃபர்ட் ஆடம்ஸ் பேர்லில் எழுதிய யூஸ்மாட்விக்கி என்னும் மென்பொருளில் இயங்கத் தொடங்கியது. அதில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இணைப்புத் தரவேண்டுமானால், சொற்களை இடைவெளியின்றிச் சேர்த்து ஒவ்வொன்றின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக எழுதவேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடே இல்லாத தமிழில் இதை எப்படிச் செய்வது? நல்லவேளையாக, இரட்டைச் சதுர அடைப்புக்குறியால் இணைப்புத் தரும் முறை விரைவிலேயே வந்துவிட்டது. பக்கங்கள் பெருகியபோது பேர்ல் மென்பொருள் பளு தாங்கவில்லை. தரவுத்தளம் இல்லாமல் கோப்புகளிலேயே அது பக்கங்களைச் சேமித்து வந்தது. ஜெர்மனியின் கோலோன் பல்கலைக்கழக மாணவர் மாக்னஸ் மான்ஸ்கே பிஎச்பியிலும் மைஎஸ்கியூஎல்லிலும் புதிதாக ஒன்றை எழுத, 2002 ஜனவரி 25ஆம் நாள் விக்கிப்பீடியா அதற்கு மாறியது. அதுவும் சில மாதங்களில் திணறியது. அப்போதும் மொழி மாற்றப்படவில்லை. லீ டேனியல் கிராக்கர் அதே பிஎச்பியில் மீண்டும் எழுதினார். அதுவே பின்னர் மீடியாவிக்கி எனப் பெயர் பெற்றது. ஊதியமின்றி உதவுவோர் நாளையும் வந்து திருத்தவேண்டிய நிரலுக்குப் பலரும் அறிந்த மொழியே பொருத்தம் என்பது என் கருத்து. ஆகவே அத்தேர்வைக் குறைகூற எனக்கு மனமில்லை.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தோன்றியபோது இவ்வேற்பாடு முன்னரே முடிவாகியிருந்தது. பிஎச்பி பைட்டுகளின் பொருளை ஆராய்வதில்லை. உள்ளே வந்ததை அப்படியே வெளியே அனுப்பும். இந்த அக்கறையின்மை ஒருவகையில் தமிழுக்கு நன்மையே செய்தது. எழுதியது சிதையாமல் போய்ச் சேர்ந்தது. உரையை எண்ணும்போதும் வெட்டும்போதும்தான் தீமை வெளிப்பட்டது. ஒருங்குறித் தமிழில் ஒவ்வொரு குறியும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகள் பிடிக்கும். ஆங்கில எழுத்துக்கு ஒன்று போதும். ‘தமிழ்’ என்பதன் 15 பைட்டுகளைப் பத்தாவதில் வெட்டினால் ‘தமி’யை அடுத்து ஒரு கேள்விக்குறிக் கட்டம் நிற்கும். பைட்டைவிட்டுக் குறிகளை எண்ணி நான்காவதில் வெட்டினாலும் புள்ளி உதிர்ந்து ‘தமிழ’ என்றாகும். பிந்திய பிழை ஜாவாவிலும் நேரக்கூடியதே. மொழியை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாததற்கு இதுவே சான்று.

மீடியாவிக்கியில் கட்டுரைத் தலைப்புக்குத் தரவுத்தளத்தில் ஒதுக்கிய இடம் 255 பைட்டுகள். ஆங்கிலத்துக்கு அது 255 எழுத்து. தமிழுக்கு 85 குறி. உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால், ‘தமிழ்’ என்னும் சொல்லின் விகிதப்படி பார்த்தால் சுமார் 50 எழுத்துகளே தேறும். தொகுப்பைப் பற்றி எழுதும் சுருக்கக் குறிப்புக்கும் நெடுங்காலம் இதே வரம்பு இருந்தது. ஆங்கிலேயர் இரண்டு வாக்கியம் எழுதும் இடத்தில் தமிழர் ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டார்.

இதற்கு முந்திய காலத்தில் இத்தொல்லை தோன்றவில்லை. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று கூட்டிய 1997ஆம் ஆண்டு தமிழ் இணைய மாநாட்டுக் காலத்தில் ஓர் எழுத்துருவமே ஒரு பைட்டாக இருந்தது. பைட்டை எண்ணினால் உருவத்தை எண்ணியதாகும். குறியாக்கங்கள் பலவாகி, ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க இயலாமற்போனதே அன்றைய துன்பம். ஒருங்குறி அத்துன்பத்தைத் தீர்த்தது. வழங்கியில் எண்ணும் சிக்கலைத் திறந்துவிட்டது.

திருத்த முயன்றவர்கள் உண்டு. உரை முழுவதையும் ஒருங்குறியாகவே கருதும் பிஎச்பி ஆறாம் பதிப்புக்கு 2005இல் வேலை தொடங்கிற்று. அதன் நிரலாளர்கள் ஐந்தாண்டு உழைத்தபின் 2010இல் அம்முயற்சியைக் கைவிட்டனர். 2015இல் வந்த அடுத்த பெரும் பதிப்புக்கு ஏழு என்றே பெயரிட்டனர். பைத்தான் துணிந்து செய்தது. 2008இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில் உரை வேறு, பைட்டு வேறு. ஆனால் பழைய நிரல்கள் அதில் ஓடவில்லை. இரண்டாம் பதிப்பை முற்றிலும் விட்டொழிக்க 2020 ஆயிற்று.

பிஎச்பியில் 2009 முதல் ‘தமிழ்’ என்னும் சொல்லுக்கு 3 என்றே விடைதரும் கட்டளையும் உண்டு. அதற்குரிய நீட்சியை வழங்கியில் தனியே நிறுவவேண்டும். விக்கிப்பீடியாவின் சுருக்கக் குறிப்பு வரம்பு 2018இல் பைட்டிலிருந்து குறிக்கு மாறி 500 ஆயிற்று. கட்டுரைத் தலைப்புக்கு இன்றும் 255 பைட்டுதான்.