ஜொகூர் பாருவில் வேலைப் பயணம்: காலையில் எங்கே, எப்போது ஓடலாம்?

கூட்டம் 10 மணிக்குத்தான். ஹோட்டல் ஜன்னல் வழியே நீரிணை தெரிகிறது, அக்கரையில் சிங்கப்பூர். ஓட்டக் காலணியும் பெட்டியில் இருக்கிறது. கைப்பேசி வரைபடத்தில் கடற்கரை ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. கிளம்பிவிடலாமே?

கொஞ்சம் பொறுங்கள். அந்த ஒரு கிலோமீட்டருக்குள் பல தடங்கள் கொண்ட நெடுஞ்சாலை ஒன்று குறுக்கே வரலாம். ஜொகூர் பாரு கார்களை நம்பி வளர்ந்த நகரம். அழகான ஓட்டப் பாதைகள் அங்கே இல்லாமல் இல்லை. ஆனால் அவற்றுக்கு ஓடியே போய்ச் சேர்வதுதான் சிக்கல்.

இந்தக் கேள்வி இப்போது பலருக்கு வருவதற்குக் காரணம் உண்டு. ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் வட்டாரத்துக்கான ஒப்பந்தம் 2025 ஜனவரியில் கையெழுத்தானது. முன்பு பெட்ரோலுக்கும் மளிகைக்கும் சாப்பாட்டுக்கும் போன ஊருக்கு, இப்போது மடிக்கணினியோடு போய் இரண்டு மூன்று இரவு தங்குபவர்களும் இருக்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து மட்டுமல்ல, சென்னையிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வருகிறார்கள்.

சிங்கப்பூரிலிருந்து என்ன வித்தியாசம்?

சிங்கப்பூரில் பூங்கா இணைப்புப் பாதைகள் 300 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கின்றன. வீட்டு வாசலில் தொடங்கினால் ஒரு பூங்காவிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டே போகலாம். ஜொகூர் பாருவில் நல்ல பாதைகள் தீவுகள் மாதிரி. இங்கே ஒன்று, அங்கே ஒன்று. நடுவில் நடைபாதை திடீரென்று முடிந்துவிடும், அல்லது மூடி இல்லாத சாக்கடை வந்து நிற்கும், இல்லாவிட்டால் நடைபாதை மீதே மோட்டார் சைக்கிள் ஏறி வரும்.

அதனால் இங்கே ஓடுபவர்களுக்கு முதல் ஆலோசனை விசித்திரமாகத் தோன்றலாம்: ஓடத் தொடங்கும் இடத்துக்குக் காரில் போங்கள். கிராப் காருக்குச் செலவாகும் சில ரிங்கிட், காலை நேர நெடுஞ்சாலையைக் கடக்கும் ஆபத்தைவிட மலிவு.

எத்தனை மணிக்கு?

வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் தவறவிடும் விஷயம் இது. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1ஆம் தேதி கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியது. சிங்கப்பூரும் கூடவே மாற்றியது. அதன் விளைவாக ஜொகூர் பாருவில் ஆண்டு முழுதும் சூரியன் ஏறக்குறைய 7 மணிக்குத்தான் உதிக்கிறது, மாலையும் ஏறக்குறைய 7 மணிக்குத்தான் மறைகிறது. காலை 5.30 மணி இங்கே விடியற்காலை அல்ல, கும்மிருட்டு. சென்னையிலிருந்து வந்திருந்தால் இன்னொரு பிரச்சினை: இங்கே 6.30 என்றால் உங்கள் உடம்புக்கு அதிகாலை 4 மணி.

அந்த இருட்டு நேரத்தில் சாலை காலியாக இருக்கும் என்று நினைத்தால் அதுவும் தப்பு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மலேசியர்கள் பொழுது விடிவதற்குள் எல்லையைக் கடந்தாக வேண்டும். வாரநாள்களில் 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையே சிஐகியூ சோதனைச்சாவடியை நோக்கி மோட்டார் சைக்கிள்கள் ஆறாக ஓடும். பின்னிரவில் எழுந்த தூக்கக் கலக்கம், தாமதமானால் சம்பளம் வெட்டுப்படும் என்ற பயம், இரண்டோடும் ஓட்டுபவர்கள் அவர்கள். கருப்பு டிஷர்ட்டில் சாலையோரம் ஓடும் ஒருவரை அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆக, வெயில் இல்லாத நேரம்தான் சாலையில் ஆபத்து அதிகமுள்ள நேரம். இதற்கு வழி: வாரநாள் என்றால் போக்குவரத்து இல்லாத பூங்கா அல்லது நீர்முகப்பு, விடுமுறை நாள் என்றால் பழைய நகரம். ஜொகூரில் 2014 முதல் வெள்ளி, சனி வார விடுமுறையாக இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறு. பழைய வலைப்பதிவுகளில் "வெள்ளிக்கிழமை காலை சாலை காலி" என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள்.

பழைய நகரம்: ஞாயிறு காலைக்கு

ஒரே ஒரு ஓட்டத்துக்குத்தான் நேரம் என்றால் இதையே சொல்வேன். ஜேபி சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து மேற்கே சுல்தான் அபு பக்கார் பள்ளிவாசல் வரை போய்த் திரும்பினால் சுமார் 5, 6 கிலோமீட்டர். தூரம் குறைவுதான், ஆனால் ஊரின் கதை முழுக்க அந்த வழியில் இருக்கிறது.

தொடங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ராஜகாளியம்மன் கண்ணாடி ஆலயம். 1922இல் தோன்றிய கோயில், பிற்பாடு சுவர், தூண், கூரை எல்லாம் கண்ணாடித் துண்டுகளால் இழைக்கப்பட்டது. அங்கிருந்து வோங் ஆ ஃபூக் சாலை. பல ஆண்டுகள் கான்கிரீட்டுக்கு அடியில் மூடிக் கிடந்து, மறுபடியும் திறந்துவிடப்பட்ட சிகெட் ஆறு இங்கே ஓடுகிறது. சாலைக்குப் பெயர் தந்த வோங் ஆ ஃபூக் ஒரு கட்டடக் குத்தகையாளர். சற்று நேரத்தில் நீங்கள் கடக்கப்போகும் பெரிய அரண்மனையைக் கட்டியவர் அவர்தான்.

பக்கத்துத் தெருக்களுக்குள் நுழைந்தால் தான் ஹியோக் நீ சாலை. மிளகும் கம்பீரும் பயிரிட்ட சீனக் குடியேறிகளின் தலைவர் பெயர் அது. ட்ருஸ் சாலையில் பழைய சீனக் கோயில். சீனர்களின் ஐந்து மொழிக் குழுக்களும் ஒரே கூரையின் கீழ் கும்பிடும் இடம். நாலு எட்டு வைத்தால் உங்கு புவான் சாலை. இது நம் ஆட்களின் தெரு: நூறாண்டு கடந்த ராஜமாரியம்மன் ஆலயம், பூக்கடைகள், துணிக்கடைகள். தமிழ்க் கோயில், சீனக் கோயில், மலாய் அரண்மனை, பள்ளிவாசல் எல்லாம் இத்தனை நெருக்கமாக இருப்பது காரில் போகும்போது தெரியாது. ஒருவழிப் பாதைகளில் சுற்றிச் சுற்றியே நேரம் போய்விடும். ஓடினால் பத்து நிமிடம்.

அடுத்து திம்பாலான் குன்றின் மேல் சுல்தான் இப்ராஹிம் கட்டடம். மாநில நிர்வாகம் கோத்தா இஸ்கந்தருக்கு மாறும்வரை அரசுச் செயலகம் இதுதான். பிறகு கடலோரமாக மேற்கே திரும்பினால் 1866இல் கட்டப்பட்ட பெரிய அரண்மனை, அதைத் தாண்டி 1892க்கும் 1900க்கும் இடையே கட்டப்பட்ட பள்ளிவாசல். அதன் மினாரட்டுகளைப் பார்த்தால் ஏதோ ஆங்கிலேய ஊரின் மணிக்கூண்டு ஞாபகம் வரும். வெளியே நின்று நீரிணையைப் பார்க்கலாம். ஓட்ட உடையில் உள்ளே போக வேண்டாம்.

இன்னும் தெம்பிருந்தால் லிடோ கடற்கரைப் பக்கம் தொடரலாம். அந்த வழியில் புக்கிட் செரின் அரண்மனை. 1942இல் ஜப்பானியத் தளபதி யமாஷிதா அதன் கோபுரத்திலிருந்துதான் சிங்கப்பூர்மீதான தாக்குதலைக் கண்காணித்தார். அங்கிருந்து பார்த்தால் அக்கரை அவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது. அரண்மனை இன்றும் அரச குடும்பத்தின் வசிப்பிடம். வாசலை ஒட்டி நின்று படம் எடுக்காமல் நகர்ந்துவிடுவது நல்லது. ஸ்கூடாய் சாலையில் வண்டிகள் வேகமாக வரும் என்பதால், இந்த நீட்டிப்பு விடுமுறை நாள் காலைக்கு மட்டும்.

வாரநாளில்?

டங்கா பே. ஒரு காலத்தில் சதுப்பு நிலம், இன்று நீர்முகப்பு. நகர மையத்திலிருந்து காரில் போய் இறங்கி, தண்ணீரை ஒட்டியே போய்வரலாம். நீர் வற்றும் நேரத்தில் சேற்று வாடை அடிக்கும், பழகிக்கொள்ள வேண்டியதுதான். மாலையில் சூரியன் மறைவதைப் பார்க்க ஏற்ற இடம். நிழல் வேண்டுபவர்களுக்கு மாநகராட்சியின் ஹுத்தான் பண்டார், அதாவது நகரக் காடு. மரங்கள், குளம், ஏற்ற இறக்கம் எல்லாம் உண்டு. உள்ளூர்க்காரர்களே ஓட வரும் இடம் என்பதால் தனியாக உணர மாட்டீர்கள்.

கூட்டம் இஸ்கந்தர் புத்ரியில் என்றால் நகர மையத்தில் தங்காதீர்கள், அங்கேயே தங்குங்கள். புத்ரி ஹார்பர் படகுத்துறையோரமும் கோத்தா இஸ்கந்தர் அரசு வளாகத்தைச் சுற்றியும் அகலமான சாலைகள், குறைவான வண்டிகள். அழகு என்றால் கொஞ்சம் செயற்கை அழகு. பழைய நகரத்தின் வாசம் இங்கே கிடையாது.

சனிக்கிழமை முழுதும் ஓய்வு இருந்தால், 654 மீட்டர் உயர குனோங் பூலாய். தார்ச் சாலையிலேயே ஏறலாம். ஆனால் 2001 டிசம்பரில் திடீர் வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோன மலை அது. மழை பெய்தாலும் மேகம் கறுத்தாலும் போகாதீர்கள். நுழைவு விதிகளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

செயலியை எவ்வளவு நம்பலாம்?

ஸ்ட்ராவா போன்ற செயலிகளின் வெப்ப வரைபடம், பயனாளர்களின் ஜிபிஎஸ் தடங்களைக் குவித்துக் காட்டுவது. பளிச்சென்று தெரியும் கோடு என்றால் நிறைய பேர் ஓடுகிறார்கள் என்று அர்த்தம். யார் ஓடுகிறார்கள் என்று அது சொல்லாது. ஜொகூரில் வேலி போட்டு, காவலாளி வைத்த குடியிருப்புகள் ஏராளம். அவற்றுக்குள் குடியிருப்பாளர்கள் ஓடுவதும் வரைபடத்தில் பளிச்சென்று தெரியும். நீங்கள் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். "டிலாராங் மாசுக்" என்ற பலகை கண்ணில் பட்டால் நுழையத் தடை என்று பொருள்.

செயலியைவிட ஹோட்டல் முகப்பு ஊழியர் மேல். ஆனால் "எங்கே ஓடலாம்?" என்று கேட்டால் ஜிம்முக்கு வழி காட்டுவார். "நீங்களோ உங்கள் நண்பர்களோ ஞாயிற்றுக்கிழமை எங்கே ஓடுவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். மாமாக் கடையிலோ தோசைக் கடையிலோ தமிழிலேயே கேட்கலாம். "அண்ணே, இந்தப் பக்கம் விடியக்காலையில் பொம்பளைப் பிள்ளைங்க ஓடுறாங்களா?" என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில் எந்த வரைபடத்திலும் இருக்காது. தயங்கித் தயங்கி "ஓடலாம்தான்..." என்று இழுத்தால் வேறு இடம் பாருங்கள்.

ஓடும்போது

நடைபாதை இல்லாத இடத்தில் வண்டிகளை எதிர்கொண்டு, அதாவது சாலையின் வலப்பக்கமாக ஓடுங்கள். சந்திப்புகளில் சிக்னலில் நிற்காமல் இடப்பக்கம் திரும்பும் தனித்தடம் இருக்கும். பச்சை மனிதர் எரிந்தாலும் அந்தத் தடத்தில் வண்டி நிற்கும் என்று எண்ண வேண்டாம். காதுக்கருவி ஒரு காதில் மட்டும், அதுவும் மெல்லிய ஒலியில். மோட்டார் சைக்கிளில் வந்து பறிப்பவர்கள் உண்டு என்பதால் கைப்பேசியைக் கையில் பிடிக்காமல் இடுப்புப் பட்டையில் வையுங்கள். தெரு நாய்கள் குரைத்தால் ஓட்டத்தை நிறுத்தி மெதுவாக நடங்கள்.

ஈரப்பதத்தில் வியர்வை உலராது, உடல் குளிராது. ஊரில் ஓடும் வேகத்தை இங்கே எதிர்பார்க்காதீர்கள், முதல் நாளில் பாதி தூரம் போதும். பிற்பகல், மாலைகளில் இடி மின்னல் சகஜம். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை வேறு. முதல் இடி கேட்டதும் திறந்த நீர்முகப்பை விட்டு விலகிவிடுங்கள்.

கடற்பாலத்தின்மீது ஓடிப் பார்க்கும் ஆசை சிலருக்கு வரும். 1924இல் திறக்கப்பட்ட, ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் பாலம். படத்துக்கு அருமையாக இருக்கும். ஆனால் அது எல்லைப் பகுதி, ஓட்டப் பாதை அல்ல. பள்ளிவாசல் முன்னால் நின்றே பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதைகளில் குடிநீர்க் குழாயை நம்ப முடியாது. ஒரு சிறு தண்ணீர்ப் புட்டி, ஹோட்டல் அட்டை, கடப்பிதழின் நகல், 20 ரிங்கிட் இருந்தால் போதும். திரும்பும் வழியில் உங்கு புவான் சாலைப் பக்கம் தோசையும் தே தாரேக்கும் சாப்பிட்டுவிட்டு, கிராப் காரில் ஹோட்டலுக்குத் திரும்ப அந்தப் பணம் கையில் இருக்கட்டும்.