மீன்தலையும் பிஸ்கட்டும்: வீட்டு விலங்குகளின் சாப்பாட்டுக்கு ஒரு சின்ன வரலாறு

எங்களில் ஒருத்தியின் வீடு மண்டைதீவில் இருக்கிறது. பண்ணைப் பாலத்தால் போனால் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து கொஞ்ச நேரம்தான். போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூடியிருந்தபோது, லண்டனில் இருக்கிற அவளின் மச்சான் வீடியோவில் வந்தான். அவன் இரண்டு ஃபெரெட் வளர்க்கிறான். நீளமான உடம்பு, கட்டைக் கால், கண்ணைச் சுற்றி முகமூடி போட்டதுபோல கறுப்பு. கோழிக் கழுத்தை முன்னுக்கு வைத்தால் இரண்டும் மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகின்றன. பிஸ்கட்டை நிப்பாட்டி, பச்சை இறைச்சிக்கும் எலும்புக்கும் பழக்கப் போகிறேன் என்று மூன்று கிழமையாக மல்லுக்கட்டுகிறானாம்.

ஆச்சி போனை வாங்கிப் பார்த்தா. "உது கீரிப்பிள்ளையெல்லே? கீரிக்கு இறைச்சி தின்னப் பழக்கோணுமோ? விடு தம்பி, பசிச்சால் திண்டிடும்."

நாங்கள் சிரித்தோம். ஆனால் அன்றைக்குப் பின்னேரம் முழுக்கக் கதை அதிலேயே நின்றது. இறைச்சி தின்னப் பிறந்த ஒரு விலங்குக்கு இறைச்சியைப் பழக்க வேண்டிய நிலை எப்படி வந்தது? அதைத் தேடிப் போனதில் எழுதினதுதான் இது.

முதலில் ஆச்சியின் கீரிக் கதையைத் தீர்த்துவிடுவோம். ஃபெரெட்டும் கீரியும் சொந்தமில்லை. கீரி பூனைப் பக்கத்து வம்சம். ஃபெரெட் மரநாய், நீர்நாய் கூட்டத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் இலங்கையில் இயற்கையாக வாழ்வது ஒன்றே ஒன்று, நீர்நாய். அது வாளைமீன் தின்பதைச் சங்கப் புலவர்கள் பார்த்துப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் ஆச்சி சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. எங்கட இலக்கியத்தில் வீட்டுக்குள் வளர்ந்த சிறு வேட்டை விலங்கு என்றால் கீரிதான். பிள்ளையைப் பாம்பிடமிருந்து காப்பாற்றின கீரியைத் தாய் தவறாக நினைத்துக் கொன்ற கதை சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும் வருகிறது. ஃபெரெட்டுக்கு ஐரோப்பாவில் இருந்த இடம் ஏறக்குறைய அதுதான். மனிசருக்கு உதவி செய்கிற, ஆனால் முழுதாக நம்பப்படாத விலங்கு.

அந்த நம்பாமை 2000 வருடப் பழையது. ஸ்பெயினுக்குக் கிழக்கே உள்ள பலியாரிக் தீவுகளில் முயல் பெருகிப் பயிரையெல்லாம் அழித்தபோது, தீவுச்சனம் அகஸ்டஸ் மன்னரிடம் படை உதவி கேட்டதாகப் பிளினி எழுதுகிறார். முயலுக்கு எதிராக ராணுவம்! அதே காலத்து ஸ்திராபோ, முயல் வளைக்குள் அனுப்புவதற்கென்றே வளர்க்கப்பட்ட ஒரு விலங்கைப் பற்றிச் சொல்கிறார். அது ஃபெரெட்தான் என்று பெரும்பாலானவர்கள் கருதுகிறார்கள். அதற்கு வாய்ப்பூட்டுப் போட்டு உள்ளே விடுவார்களாம். பிடித்த முயலை வளைக்குள்ளேயே தின்றுவிட்டு அங்கேயே படுத்துவிடும் என்ற பயம். பிறகு இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காரர்கள் அதுக்குப் பாணையும் பாலையும் கரைத்து ஊற்றினார்கள். இறைச்சி பிடிக்கிற வேலைக்காரனுக்குப் பாண்.

ஃபெரெட்டின் குடல் மிகக் கட்டை. தின்றது மூன்று நாலு மணித்தியாலத்தில் வெளியில் வந்துவிடும். மாச்சத்தைச் செரிக்க நேரமும் இல்லை, அதுக்கான உறுப்பும் இல்லை. அதனால்தான் ஆச்சியின் "பசிச்சால் திண்டிடும்" இதுக்குச் சரிவராது. நாயை ஒருநாள் பட்டினி போடலாம், ஃபெரெட்டைப் போட்டால் சீனிச்சத்து இறங்கி மயங்கிவிடும். இன்னொரு பிரச்சினையும் உண்டு. பிறந்து முதல் சில மாதங்களுக்குள் எந்த மணத்தைச் சாப்பாடு என்று பழகுகிறதோ, அதுதான் அதுக்குச் சாப்பாடு. பிஸ்கட்டில் வளர்ந்த ஃபெரெட்டுக்குக் கோழிக் கழுத்து ஒரு பொருள், அவ்வளவுதான். ஆகவே மாற்றுகிறவர்கள் படிப்படியாகப் போகிறார்கள். ஊறவைத்த பிஸ்கட்டுக்குள் அரைத்த இறைச்சியை ஒரு கரண்டி, பிறகு இரண்டு. பிறகு சின்னத் துண்டு. பிறகு குருத்தெலும்புள்ள செட்டை நுனி. கடைசியில்தான் எலும்போடு முழுத்துண்டும், ஈரல், இதயம் போன்ற உள்ளுறுப்புகளும். கிழமைகள் எடுக்கும், சிலதுக்கு மாதங்கள்.

சரி, பிஸ்கட் எங்கிருந்து வந்தது?

1860 அளவில் ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர் இடிதாங்கி விற்க இங்கிலாந்துக்குப் போனார். துறைமுகத்தில் கப்பல்காரர் எறிந்த காய்ந்த பிஸ்கட்டை நாய்கள் பொறுக்கித் தின்பதைக் கண்டு, நாய்க்கென்றே ஒரு பிஸ்கட் செய்தார் என்று சொல்லுவினம். கோதுமை, பீற்றூட், மரக்கறி, அதோடு காய்ந்த இறைச்சி. வாங்கினது பணக்கார வீடுகள். அந்தக் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்த சார்ள்ஸ் கிறஃப்ட் என்ற பொடியன்தான் பிறகு 1891 இல் லண்டனில் பெயர்பெற்ற நாய்க் கண்காட்சியைத் தொடங்கினவர். நாய்ச்சாப்பாடும் "நல்ல சாதி நாய்" என்ற எண்ணமும் ஒரே கடையில் விற்கப்பட்டவை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏறக்குறைய அதே காலத்தில், 1893 இல், இலங்கையில் விசர்நாய்க் கட்டளைச்சட்டம் வருகிறது. அங்கே நாய்க்குப் பரிசு, இங்கே நாய் பிடிகாரன்.

1922 இல் அமெரிக்காவில் குதிரை இறைச்சியை டின்னில் அடைத்து நாய்க்கு விற்றார்கள். மோட்டார் வாகனம் வந்து குதிரைக்கு வேலை இல்லாமல் போன காலம். (நெடுந்தீவுக் குதிரைகளுக்கு அந்த விதி வராமல் போனது பெரிய காரியம்.) இரண்டாம் உலகப்போரில் டின்னுக்குத் தகரம் இல்லை என்றதும் உலர்ந்த சாப்பாடு மேலே வந்தது. 1950களில் காலைச் சாப்பாட்டுச் சீரியலைப் பொரியவைக்கிற இயந்திரத்தையே நாய்ச்சாப்பாட்டுக்கும் திருப்பினார்கள். இன்றைக்கு நாங்கள் பையில் வாங்குகிற உருண்டை அதன் பிள்ளை. அந்த இயந்திரத்தில் உருண்டை பிடிக்க வேண்டுமென்றால் மாச்சத்து வேண்டும். அதாவது பிஸ்கட்டுக்குள் சோளமும் அரிசியும் கிடப்பதற்கு விலங்கின் வயிறு மட்டும் காரணமில்லை, இயந்திரமும் ஒரு காரணம்.

இந்த இடத்தில் எங்களில் இரண்டு பேர் ஒரேயடியாகப் பச்சை இறைச்சிக் கட்சிக்குத் தாவிவிட்டார்கள். 1993 இல் அவுஸ்திரேலிய மிருக வைத்தியர் இயன் பில்லிங்கெர்ஸ்ட், நாய்க்கு எலும்பு கொடுங்கள் என்று ஒரு புத்தகம் எழுதினார். இன்றைய பச்சைச் சாப்பாட்டு அலையின் தொடக்கம் பெருமளவு அதிலிருந்துதான். ஆனால் வரலாறு ஒரு பக்கம் சாய விடவில்லை. 1932 அளவில் அமெரிக்காவின் ஒரு நரிப் பண்ணையில் பச்சை மீன் தின்ற நரிகள் கால் இழுத்து விழுந்து செத்தன. தயமின் என்கிற விற்றமினை அழிக்கிற நொதியம் சில மீன்களில் இருக்கிறது என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. நெத்தலி, சூடைக் குடும்பத்து மீன்கள் சிலவற்றிலும் அது உண்டு. அவித்தால் அழிந்துவிடும். மறுபக்கம், 1987 இல் கலிபோர்னியாவில் பூனைகளின் இதயம் வீங்கிச் சாவதற்குக் காரணம் டோரின் குறைவு என்று கண்டுபிடித்தார்கள். அந்தப் பூனைகள் தின்றது கடையில் விற்ற, "முழுமையான சாப்பாடு" என்று எழுதியிருந்த டின்களை. அதுக்குப் பிறகுதான் கம்பனிகள் டோரினைக் கூட்டிப் போட்டன. டோரின் மீனிலும் இறாலிலும் இதயத்திலும் நிறைய இருக்கும், சோற்றிலும் பருப்பிலும் இல்லை. எங்கட சைவ வீட்டுப் பூனைகள் தப்பினது எலி, பல்லியின் புண்ணியத்தில்.

கிருமியையும் சொல்லவேண்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010 முதல் 2012 வரை சோதித்த 196 பச்சைச் சாப்பாட்டு மாதிரிகளில் 15 இல் சல்மொனெல்லாவும் 32 இல் லிஸ்ரீரியாவும் இருந்தன. 2024 டிசம்பரில் ஒறிகன் மாநிலத்தில் பச்சை வான்கோழிச் சாப்பாடு தின்ற ஒரு பூனை பறவைக் காய்ச்சலால் செத்தது. ஃபெரெட் வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். 1933 இல் லண்டனில் வில்சன் ஸ்மித், அன்றூஸ், லெயிட்லோ மூவரும் மனிசக் காய்ச்சல் ஒரு வைரஸால் வருவது என்று காட்டினதே ஃபெரெட்டுக்கு அது தொற்றினபடியால்தான். எங்கட தடிமன் அதுக்கும் வரும். இதை மச்சானுக்கு அனுப்பினோம். இரண்டு நீல ரிக் விழுந்தது, பதில் இல்லை.

இனி ஊருக்கு வருவோம். மண்டைதீவில் யாரும் நாய்க்கு என்ன கொடுப்பது என்று யோசித்ததில்லை. விடிய வலை இழுத்து வருகிற நேரம் கரையில் பூனைகள் வரிசையாக இருக்கும். விலைபோகாத குஞ்சு மீன், உடைந்த நண்டு, இறால் தலை, எல்லாம் பச்சையாக. வீட்டில் மீன் வெட்டினால் செதிலும் குடலும் கோடிப்பக்கம் போகும். ஊரில் பங்கு இறைச்சி போடுகிற நாளில் மரத்துக்குக் கீழே நாய்களுக்குத் திருவிழா. மிச்ச நாளில் பழஞ்சோறும் மீன்குழம்பும். லண்டனில் கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற "இயற்கை உணவு" எங்கட கரையில் கழிவு என்ற பெயரில் கிடந்தது. ஒரேயொரு சட்டம் எல்லா வீட்டிலும் இருந்தது: சமைத்த கோழி எலும்பை நாய்க்குப் போடாதே. வெந்த எலும்பு ஊசியாகச் சிதறும், பச்சை எலும்பு நொருங்கும். இதை ஆச்சிக்கு எந்த வைத்தியரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இந்தப் படத்தை அழகாக்கவும் எங்களுக்கு மனமில்லை. அந்த நாய்களில் பாதிக்கு மேல் பூச்சி, சொறி. ஐந்து வயதைத் தாண்டினது குறைவு என்று ஆச்சியே சொல்லுறா.

பிறகு ஆச்சி தானாகவே 1990ஐத் தொடங்கினா. நாங்கள் கேட்கவில்லை. அந்த ஆவணியில் ராணுவம் தீவுப்பகுதிக்குள் இறங்கி மண்டைதீவு வரை வந்தது. புரட்டாதி 13 இல் இங்கிருந்துதான் கடலைக் கடந்து கோட்டைக்குப் போனார்கள். 26 இல் கோட்டையையே விட்டுப் போனார்கள். அந்த நாட்களில் பிடிபட்டு இன்றுவரை திரும்பாத மண்டைதீவு இளைஞர்களின் கணக்கு இன்னும் முடிக்கப்படவில்லை. ஆச்சியின் குடும்பம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டது. "நாயின்ரை கயித்தை மட்டும் அவிட்டு விட்டனான். பானையில கிடந்த சோறு முழுக்கக் கொட்டினனான். அது என்னத்தைத் திண்டு எத்தினை நாள் கிடந்துதோ." கரையில் வலை இல்லை, அடுப்பில் உலை இல்லை. மனிசர் இல்லாத ஊரில் நாய் எதைத் தின்னும் என்று நாங்கள் யாரும் அவவிடம் கேட்கவில்லை. அவவும் அதுக்கு மேல் சொல்லவில்லை.

இன்றைக்கு ஆச்சி வீட்டில் ஒரு நாயும் மூன்று பூனையும் நிக்குது. நாய்க்குப் பேத்தி பிஸ்கட் வாங்கிக் கொடுக்கப் பழக்கினது 2019 இல். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டினபோது பிஸ்கட் பை கைக்கு எட்டாமல் போனது. மீனுக்குத் திரும்பலாம் என்றால், மண்ணெண்ணெய்க்கு வரிசை, ஆவணியில் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. படகுகள் கரையில் கிடந்தன, மீனும் விலை. அந்த மாதங்களில் நாய் திரும்பப் பழஞ்சோற்றுக்கு வந்தது. முதல் இரண்டு நாள் மணந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்ததாம். மச்சானின் ஃபெரெட் மாதிரியேதான்.

இப்போது அந்த வீட்டில் ஒரு நடுவழி ஓடுது. பேத்தி வாசித்துச் சொன்னதில் ஆச்சி ஒன்றை மட்டும் ஏற்றுக்கொண்டிருக்கிறா: நெத்தலித் தலையையும் சூடையையும் ஒரு கொதி கொதிக்க வைத்துத்தான் பூனைக்குப் போடுறா. பூச்சி மருந்தும் நேரத்துக்குக் கொடுபடுகிறது. கோழிக் கழுத்து பச்சையாகவே நாய்க்கு, ஆனால் கடையில் வாங்கின அன்றைக்கே. பிஸ்கட் வாங்கினால் வாங்கினது.

நேற்று மச்சானிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பேச்சு இல்லை, "நறுக் நறுக்" என்று ஒரு சத்தம் மட்டும். இளைய ஃபெரெட் செட்டை நுனியைக் கடித்துவிட்டது. மூத்தது இன்னும் பிஸ்கட்தான். ஆச்சியின் காதில் போனை வைத்தோம். இரண்டு தரம் கேட்டுவிட்டுச் சொன்னா: "உவன் அதை அவிச்சுக் குடுக்கேல்லைத்தானே? கேளுங்கோ."