காப்ஸ்யூலுக்குள் ஒரு மஞ்சள் பூ

இன்னைக்கு ஒரு எண்ணெயோட கதை. சமையல் எண்ணெய் இல்ல, காப்ஸ்யூலில் அடைச்சு விற்கிற விதை எண்ணெய்.

முதல்ல நோயைப் பார்த்துடலாம். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், க்ரோன்ஸ் ரெண்டையும் சேர்த்து குடல் அழற்சி நோய்னு சொல்றோம். பெரும்பாலும் இளவயசுலயே ஆரம்பிக்கும். குடல் சுவரில் புண், ரத்தம், ஓயாத வயிற்றுப்போக்கு. இதுல ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க: இந்த நோய் தானாவே அடங்கும், தானாவே திரும்பி வரும்.

அந்தக் குணம்தான் எல்லாரையும் ஏமாத்தும். 1955-ல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ட்ரூலவும் விட்ஸும் 210 கொலைட்டிஸ் நோயாளிகளிடம் நடத்திய சோதனை முடிவுகளை வெளியிட்டாங்க. பாதிப் பேருக்கு கார்ட்டிசோன், மீதிப் பேருக்குப் போலி மாத்திரை. ஆறு வாரத்தில் கார்ட்டிசோன் பக்கம் 41 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. போலி மாத்திரைப் பக்கமும் 16 சதவீதம் பேருக்கு அடங்கியது. அந்த 16 சதவீதம் பேர் கையில் அன்னைக்கு ஒரு எண்ணெய் பாட்டில் இருந்திருந்தா, பெயர் முழுக்க எண்ணெய்க்குத்தான் போயிருக்கும்.

இப்போ நம்ம ஹீரோ. ஈவ்னிங் ப்ரிம்ரோஸ், சாயங்காலம் மலரும் மஞ்சள் பூ. சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். இதன் விதை எண்ணெயில் காமா லினோலெனிக் அமிலம் இருக்கு. உடம்பு அதை வேற ஒரு கொழுப்பு அமிலமா மாற்றும். அதிலிருந்து உருவாகும் சில பொருட்கள் அழற்சியைத் தணிக்கலாம் என்பதுதான் கணக்கு. இந்தக் கணக்கை ரொம்ப நம்பியவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி டேவிட் ஹாரோபின். அதை வைத்து ஒரு நிறுவனத்தையே கட்டினார்.

1993-ல் இந்த எண்ணெயைக் குடல் நோய்க்குச் சோதித்த ஆய்வு வெளியானது. கொலைட்டிஸ் உள்ள 43 பேர், ஆறு மாதம். ஒரு குழுவுக்கு மீன் எண்ணெய், ஒன்றுக்கு ப்ரிம்ரோஸ், ஒன்றுக்கு ஆலிவ் எண்ணெய். ஆலிவ்தான் இங்கே 'போலி மருந்து'! ரத்த அணுக்களின் சவ்வில் கொழுப்பு அமிலங்கள் எதிர்பார்த்தபடியே மாறின. ப்ரிம்ரோஸ் எடுத்தவர்களுக்கு மலம் கொஞ்சம் கெட்டிப்பட்டது. ஆனா எத்தனை தடவை போறாங்க, ரத்தம் வருதா, நோய் திரும்புதா என்பதில் குழுக்களுக்கு இடையே வித்தியாசம் இல்ல. எண்ணெய் உடம்புக்குள் போய்ச் சேர்ந்தது. நோய்தான் அசையலை.

43 பேர் ரொம்பக் கம்மியாச்சேன்னு நீங்க கேட்கலாம். நியாயம்தான். அதுக்கு மீன் எண்ணெய் கதையைப் பாருங்க. 1996-ல் இத்தாலியில் 78 க்ரோன்ஸ் நோயாளிகளிடம் ஓர் ஆண்டு சோதனை. நோய் திரும்பியது எண்ணெய்க் குழுவில் 28 சதவீதம், மற்றதில் 69. எல்லாரும் துள்ளிக் குதிச்சாங்க. 2008-ல் 700 பேருக்கு மேல் சேர்த்து ரெண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. ஒன்றில் 31.6-க்கு எதிரா 35.7, இன்னொன்றில் 47.8-க்கு எதிரா 48.8. அந்தப் பெரிய இடைவெளி காணாமலே போயிடுச்சு.

ப்ரிம்ரோஸ் என்ன ஆச்சு? தோல் எக்ஸிமாவுக்கு உரிமம் பெற்ற மருந்தா பிரிட்டனில் இருந்தது. பலன் தருவதற்குப் போதிய ஆதாரம் இல்லைன்னு 2002-ல் அந்த உரிமம் பறிபோனது. கடைகளில் சத்து காப்ஸ்யூலா இன்னும் கிடைக்குது.

எண்ணெய் விஷம்னு நான் சொல்ல வரலை. நோய் அடங்கியிருக்கும் நல்ல நாட்களில் "எண்ணெய் போதும், மாத்திரை வேண்டாம்"னு ஒருத்தர் முடிவெடுப்பதுதான் ஆபத்து. நிறுத்தினது தப்புன்னு நோய் உடனே சொல்லாது. திரும்பி வரும்போதுதான் சொல்லும். அடுத்த தடவை வாட்ஸ்அப்பில் ஒரு அதிசய எண்ணெய் வந்தா, ஒரே கேள்வி கேளுங்க: எடுக்காதவங்களில் எத்தனை பேருக்குச் சரியாச்சு?