ஆண் பிள்ளைகளின் வளர்ச்சி: உயரத்தோடு வேகத்தையும் கவனியுங்கள்

பருவமடைவதற்கு முன்பு ஆண் பிள்ளைகள் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 முதல் 6 சென்டிமீட்டர் வளர்கிறார்கள். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் வளர்ச்சி ஹார்மோனும், கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியின் ஹார்மோனும் அதற்குத் துணைபுரிகின்றன.

பொதுவாக 9 முதல் 14 வயதுக்குள் பருவ மாற்றம் தொடங்கும். விரைகள் பெரிதாவதே முதல் அறிகுறி. குரல் உடைவதும் மீசை அரும்புவதும் அதற்குப் பிறகுதான்.

9 வயதுக்கு முன்பே இம்மாற்றங்கள் தெரிந்தால் தாமதிக்கக்கூடாது. பையன் மளமளவென்று உயர்வதைக் கண்டு பெற்றோர் மகிழலாம். ஆனால், பருவ ஹார்மோன்கள் எலும்பு நுனிகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகளைச் சீக்கிரமே மூடிவிடும். இன்று வகுப்பில் உயரமாக இருப்பவன், பெரியவனானதும் குள்ளமாக நின்றுவிடக்கூடும். மேலும், பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் இதற்கு மூளைக் கட்டி போன்ற காரணம் இருக்கும் வாய்ப்பு அதிகம்.

ஆண்டுக்கு 4 சென்டிமீட்டருக்கும் குறைவாக வளர்ந்தாலும், 14 வயதாகியும் பருவ மாற்றம் தொடங்காவிட்டாலும் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

ஆறு மாதத்திற்கு ஒருமுறை, காலணியின்றிச் சுவரோடு நிற்கவைத்து உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். சிங்கப்பூரில் குழந்தை பிறந்ததும் தரப்படும் சுகாதாரக் கையேட்டில் அதற்கான வளர்ச்சி வரைபடம் உண்டு. சந்தேகம் இருந்தால் அந்தக் குறிப்புகளுடன் பலதுறை மருந்தகத்திற்குச் செல்லலாம். இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதை மருத்துவர்கள் கணிப்பார்கள். ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். தேவைப்பட்டால், முன்கூட்டியே தொடங்கிய பருவ மாற்றத்தை ஊசி மருந்தால் நிறுத்திவைக்க முடியும்.

உயரத்தைக் கூட்டும் என்று விற்கப்படும் மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.