பூந்தமல்லிக்கு வந்த கொடை

திருமழிசைக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் உள்ள பூந்தமல்லி, இந்தியப் பொதுச் சுகாதார வரலாற்றில் வங்காளத்துச் சிங்கூரோடும் தில்லியை ஒட்டிய நஜாப்கரோடும் சேர்த்துச் சொல்லப்படும் ஊர். சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய 1950களில், கிராம சேவைக்குப் போகிறவர்களைப் பயிற்றுவிக்க இம்மூன்று ஊர்களிலும் மையங்கள் அமைந்தன. அமெரிக்காவின் போர்டு அறக்கட்டளை அதற்கு நிதி தந்தது. பின்னர் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தில், டாக்டர் சௌந்தரம் முயற்சியால் வளர்ந்த ஊரக நலவாழ்வு, குடும்பநலப் பணிக்கும் அதே அறக்கட்டளை துணை நின்றது. நியூயார்க்கில் மூன்றாம் ஜான் டி. ராக்பெல்லர் 1952-இல் மக்கள்தொகைக் கவுன்சிலை நிறுவினார். பம்பாயில் 1956-இல் தொடங்கிய மக்கள்தொகை ஆய்வு மையத்தில் சர் தொராப்ஜி டாடா அறக்கட்டளைக்கும் பங்கு உண்டு. இந்தக் கொடைகளை ஒட்டுமொத்தமாகச் சதி என்போரும் உண்டு, வரம் என்போரும் உண்டு. பணம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் பார்ப்பதால் வரும் சச்சரவு இது. அந்தப் பணம் எந்தக் கேள்விக்கு விடை தேடப் புறப்பட்டது என்று பார்த்தால் வரலாறு தெளிவாகும்.

அமெரிக்கப் பணம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, கர்ப்பத்தடை எதற்காக என்ற அந்தக் கேள்வி சென்னையில் இரண்டாகப் பிரிந்திருந்தது. 1880களில் இங்கிருந்த பகுத்தறிவாளர்கள், மக்கள்தொகைப் பெருக்கத்தை எச்சரித்த மால்தூசைப் படித்துச் சங்கம் கூட்டினார்கள். 1920களின் இறுதியில் நீதிபதி வேப்பா ராமேசம் போன்ற பெரிய மனிதர்கள் புது மால்தூசியச் சங்கத்தில் சேர்ந்தார்கள். நாட்டின் வறுமையும் ஏழைகளின் பிள்ளைப்பேறுமே அவர்கள் கவலை. அதே காலத்தில் பெரியார் கர்ப்பத்தடையை ஆதரித்தபோது, தம் காரணம் வேறு என்று வெளிப்படையாகவே எழுதினார்: பெண்ணுக்கு விடுதலை வேண்டும். கருவி ஒன்றுதான், ஒரு தரப்பு தலைகளை எண்ணியது, மறு தரப்பு பெண்ணைப் பார்த்தது. கொடையாளர்களும் அரசும் பின்பற்றியது முதல் தரப்பை. 1956-இல் சென்னை மாநிலம் ஆண் கருத்தடை செய்துகொள்பவருக்கு ரொக்கம் தரத் தொடங்கியது. பிறப்பு விகிதம் எவ்வளவு இறங்கியது என்பதே வெற்றியின் அளவுகோலாயிற்று. வெள்ளைப்படுதலோடு வயல் வேலைக்குப் போனவளும், கருப்பை இறங்கியும் வெளியே சொல்லாதவளும் அந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

அவர்களைக் கணக்கில் எடுத்தது, பூந்தமல்லி அடங்கியிருந்த அதே பழைய செங்கல்பட்டு மாவட்டம்தான். 1981-இல் பன்னிரண்டு தலித் பெண்களும் ஆய்வாளர் டி.கே. சுந்தரி ரவீந்திரனும் சேர்ந்து, ருவ்செக் என்று அறியப்படும் கிராமப் பெண்களின் சமூகக் கல்வி மையத்தைத் தொடங்கினார்கள். ஊர்ப் பெண்களே சுகாதாரப் பணியாளர்களானார்கள். பிரசவம், கருக்கலைப்பு, வீட்டில் விழும் அடி எல்லாவற்றையும் அவர்களே பேசி, பதிவு செய்து, 1990களில் சொந்தமாக ஒரு மருத்துவமனையும் திறந்தார்கள். இதற்கும் மெக்கார்தர் போன்ற வெளிநாட்டு அறக்கட்டளைகளின் பணம் வந்தது. அயல் நிதி என்றாலே கேடு என்பவர்கள் இங்கே பதில் சொல்லியாக வேண்டும். கேள்வியை ஊர்ப் பெண்கள் எழுதியபோது அதே வகைப் பணம் வேறு வேலை செய்தது.

எண்ணிக்கையைக் குறிவைத்ததால்தானே தமிழ்நாட்டில் பிறப்பு குறைந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1992–93 தேசியக் குடும்பநல ஆய்வில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.5 குழந்தைகள், 2005–06-இல் 1.8. கருத்தடை முகாம்களுக்கும் பயிற்சி மையங்களுக்கும் இதில் பங்கு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பெண்கள் பள்ளிக்குப் போனது, கைக்குழந்தைச் சாவு குறைந்தது, 1982-இல் விரிவடைந்த சத்துணவு, ஊருக்கு ஊர் பேருந்து என்று எத்தனையோ சேர்ந்துதான் அது நடந்தது. இலக்குக் கணக்கு விட்டுச்சென்ற தழும்பும் கண்ணெதிரே இருக்கிறது: மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டிருக்க, ஆண்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. ரொக்கம் கொடுத்து ஆண்களிடம் தொடங்கிய திட்டத்தின் சுமை முழுவதும் பெண் வயிற்றில் இறங்கிவிட்டது.

ஆட்கள் குறைந்தால் இயற்கை பிழைக்கும் என்ற வாதமும் இந்தக் கொடைகளோடு வந்ததுதான். 1968-இல் வெளிவந்த பால் எர்லிக்கின் மக்கள்தொகை வெடிகுண்டு நூல் அதை உலகெங்கும் பரப்பியது. திருமழிசை அதற்கு நேர்மாறான சாட்சி. மாநிலத்தில் பிறப்பு பதிலீட்டு அளவுக்குக் கீழே இறங்கிய அதே இருபது ஆண்டுகளில்தான் இந்தப் பக்கத்து நஞ்சைகள் மனைகளாயின. துணைநகரத் திட்டம் வந்தது, குத்தம்பாக்கத்தில் பேருந்து முனையம் எழுந்தது. நிலத்தை விழுங்கியது தொட்டில் அல்ல. சென்னை மேற்கே நகர்ந்த வேகமும் நிலத்தின் விலையும். தொண்டை மண்டலத்துக் கல்வெட்டுகளில் ஏரியைப் பராமரிப்பதற்கென்றே விட்ட ஏரிப்பட்டி நிலங்கள் உண்டு. அந்தக் கொடை ஊரில் எத்தனை பேர் என்று கேட்கவில்லை. கரை நிற்கிறதா, மதகு திறக்கிறதா என்று கேட்டது. இன்று இயற்கைப் பாதுகாப்புக்கென்று கொடுக்க விரும்பும் செல்வர்கள் செம்பரம்பாக்கம் ஏரிக்கு நீர் கொண்டுவரும் கால்வாய்களை ஒருமுறை நடந்து பார்க்கட்டும். எங்கே அடைபட்டிருக்கிறது என்று கரையோர ஊர்களில் கேட்டாலே சொல்வார்கள்.